லேசர் மேசை மந்திரிப்பு

சந்தோஷமாக இருக்கும் ஆராய்ச்சி மாணவரைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அவர் எதையோ சரிபார்க்க மறந்திருக்கிறார் என்று அர்த்தம். இதை நான் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆறு வருட ஆராய்ச்சியில் நான் மொத்தமே பத்தொன்பது நாள்தான் சந்தோஷமாக இருந்தேன். அந்தப் பத்தொன்பது நாளும் எப்படி வந்தன, இருபதாம் நாள் எப்படிப் போயின என்பதுதான் இந்தக் கதை.

நான் ஆராய்ச்சி செய்தது ஒரு விசித்திரமான ஒளியை. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'பிரகாசமான நெருக்கிய வெற்றிடம்' என்று வரும். வெற்றிடம் எப்படிப் பிரகாசமாக இருக்கும், அதைப் போய் யார் நெருக்கினார்கள் என்று கேட்காதீர்கள். என் அம்மாவும் ஆறு வருடமாக அதைத்தான் கேட்டாள். ஒரு கல்யாண வீட்டை வைத்து அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆயிரம் பேர் விருந்துக்கு வருகிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சீராக வந்து சாப்பிட்டுப் போனால் பந்தியில் பெரிதாகச் சண்டை வராது. அதே ஆயிரம் பேர், ஒரு மணி நேரம் ஆளே இல்லாமல் இருந்து, பிறகு வேன் வேனாக வந்து இறங்கினால்? சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். நெரிசலில் இரண்டு பேர் இடித்துக்கொள்வது சுலபம். சாதாரண லேசர் ஒளி சீராக வருகிற கூட்டம். என்னுடையது வேனில் வருகிற கூட்டம். ஒளித்துகள்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து செய்யவேண்டிய வேலை எதுவானாலும், இந்த ஒளி அதைச் சாதாரண லேசரைவிட மூன்று மடங்கு செய்யும். அதிகபட்சம் மூன்று மடங்குதான் என்று கணக்குச் சொல்கிறது. அந்த மூன்றைச் சோதனையில் காட்டினால் எனக்கு டாக்டர் பட்டம்.

அதற்காக மேசையில் நான் வைத்திருந்த ஏற்பாடு இதுதான். ஒரு பச்சை லேசர் முதல் கிறிஸ்டலுக்குள் போகும். அங்கே அந்தப் பச்சையில் கொஞ்சம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக, வேன் கூட்டமாக மாறி வெளியே வரும். அந்த அகச்சிவப்பு இரண்டாவது கிறிஸ்டலுக்குள் போகும். அங்கே துகள்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மறுபடியும் பச்சையாகும். கடைசியில் பிறக்கும் அந்தப் பச்சையை அளக்க வேண்டும். (பச்சையைக் கொடுத்துப் பச்சையை வாங்க ஆறு வருடமா என்று அம்மா இந்த இடத்திலும் கேட்டாள்.)

இதில் ஒரு ஆபத்து உண்டு. போகிற பச்சையும் பிறக்கிற பச்சையும் ஒரே பச்சை. முதல் பச்சையில் மிச்சமானது அப்படியே வழிந்து கடைசி வரை வந்துவிட்டால் எது குழந்தை, எது தகப்பன் என்று மீட்டருக்குத் தெரியாது. அதனால் இரண்டு கிறிஸ்டலுக்கும் நடுவில் பச்சையைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் ஃபில்டர் கண்ணாடிகள் மூன்று வைத்திருந்தோம். என் வழிகாட்டி தாணு சார் நிதானமான மனிதர். 'மூன்று' என்று தன் கையாலேயே எழுதி மேசையில் ஒட்டியிருந்தார்.

ஆறாவது வருடம் என் பதிவு முடியப் போகிறது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆய்வுக்குழுவில் இருந்த பெங்களூர்ப் பேராசிரியை நேரில் வந்து பார்த்து, தேறும் என்று எழுதினால் இன்னும் ஆறு மாதம் கிடைக்கும். தேறாது என்று எழுதினால் அவ்வளவுதான், பை தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியது. என் கையில் அப்போது இருந்தது மூன்று மடங்கும் இல்லை, இரண்டும் இல்லை. கடல் பக்கத்துக் கல்லூரி. உப்புக் காற்றில் முதல் கிறிஸ்டல் புகை படிந்த மாதிரி மங்கிப்போய், மீட்டர் ஒன்றுக்கும் கீழே முனகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. ஒவ்வொரு ஃபில்டரும் என் அருமை அகச்சிவப்பிலும் கொஞ்சம் தின்கிறதே! ஒன்றைக் கழற்றினேன். எண் ஏறியது. இன்னொன்றையும் கழற்றினேன். பதினொன்று!

உலகம் முழுவதும் மூன்று என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் பதினொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புத்தியுள்ளவர்கள் அந்த நிமிடத்தில் பயப்படுவார்கள். நான் என் பெயரில் ஒரு விதி வந்தால் அதை 'லீமா விளைவு' என்பார்களா, 'லீமா விதி' என்பார்களா என்று யோசித்தேன். கழற்றிய இரண்டு ஃபில்டரையும் துணியில் சுற்றி டிராயரில் வைத்தேன்.

தாணு சார் வந்து எண்ணைப் பார்த்தார். சந்தோஷப்படவில்லை. (எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.)

"ஏம்மா லீமா, பதினொண்ணா? மொத கிறிஸ்டல எடுத்துட்டு ஒரு ரீடிங் பாத்தியா? சும்மா வழிஞ்சு வாற பச்சையா இருந்திரப் போகுது."

"பாத்துட்டேன் சார்."

நான் பார்த்தது என்னவென்றால், லேசருக்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்துப் பார்த்தேன். எண் பூஜ்யமானது. அதாவது விளக்கை அணைத்தால் வெளிச்சம் போய்விடுகிறது என்பதை ஆறு வருடம் படித்துக் கண்டுபிடித்திருந்தேன். கிறிஸ்டலை எடுக்க எனக்கு மனமில்லை. ஒருமுறை எடுத்தால் மறுபடி நேராக்க இரண்டு வாரம் ஆகும். பேராசிரியை வர மூன்று வாரம்கூட இல்லை. சோம்பலுக்கு இதைவிட மரியாதையான காரணம் அகப்படாது.

அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னேன். அது என் இரண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரியது. அப்பா ஷார்ஜாவில் பதினெட்டு வருடம் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, முட்டத்தில் எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவைத் துணைத்தலைவராக இருக்கிறார். ஒரு செய்தியைச் சும்மா வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

"உலகத்துல மூணுண்ணு சொல்லுத சாதனத்த எனக்க மக பதினொண்ணாக்கிட்டா" என்று அவர் போனில் பேசுவது தெரு முனை வரை கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அறிவிப்பு. அதற்கு அடுத்த நாள் பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், அதைவிட உயரமாக, லேசர் கண்ணாடி போட்டு நான் நிற்கிறேன். கீழே இப்படி எழுதியிருந்தது: 'உலகம் சொன்னது மூன்று! முட்டம் சொல்கிறது பதினொன்று!'

வெட்கமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நான் அந்த வழியாக மூன்று தடவை நடந்தேன்.

பேராசிரியை வருகிற அன்று காலை பத்து மணிக்குக் கல்லூரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து அப்பா இறங்கினார், அம்மா இறங்கினாள், பேரவை உறுப்பினர்கள் பதினான்கு பேர் இறங்கினார்கள், கடைசியில் வெள்ளை அங்கியோடு பங்குத்தந்தை இறங்கினார். ஒருவர் கையில் தீர்த்தப் பாத்திரம். இன்னொருவர் தலையில் முந்திரிக்கொத்துப் பலகார டின்.

"என்னப்பா இது?"

"மந்திரிக்காண்டாமா? பெரிய மேடம் வாறாவ, ஒரு ஆசீர்வாதம் இல்லாம காட்டுவியா?"

"இது லேசர்ப்பா. வீடு இல்ல."

"வள்ளம் எறக்குனா மந்திரிக்கோம். ஆட்டோ வாங்குனா மந்திரிக்கோம். ஐஸ் பிளாண்டுல மோட்டர் மாத்துனாக்கூட ஃபாதர்தான் வந்தாவ. உனக்க மெசின் மட்டும் என்ன, மானத்துலயிருந்து விழுந்ததா?"

நான் உதவிக்குத் தாணு சாரைத் தேடினேன். ஃபாதர் பாவம், நல்ல மனிதர். "ரெண்டு நிமிசம்தான் மக்களே, ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போயிருவேன்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். தாணு சார் என்னைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "சரி, நாலு பேரு உள்ள வரட்டும். மத்தவங்க வராந்தாவுல நிக்கட்டும்" என்றார். அதற்குள் பேராசிரியையும் வந்து சேர்ந்துவிட்டார். பெங்களூரில் இருந்தாலும் சொந்த ஊர் மதுரை, நரைத்த தலை, அதிகம் பேசாதவர். "நல்லது, எல்லாருமா பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

லேசர் அறைக்குள் போகிற எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்தோம். அந்தக் கண்ணாடி பச்சை ஒளியைத் தடுக்கும். அகச்சிவப்போ யார் கண்ணுக்கும் தெரியாது. ஆக, ஒளியைப் பார்க்க இருபது கிலோமீட்டர் வந்தவர்கள் இருட்டில் நின்று ஒரு துளி ஒளியைக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்தது கணினித் திரையில் ஒரே ஒரு எண். பதினொன்று.

"அதுதான் ஃபாதர், பதினொண்ணு!" என்று அப்பா திரையைக் காட்டினார். வராந்தாவில் யாரோ கை தட்டினார்கள். பேராசிரியை தட்டவில்லை, குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஆறு மாதம் அவர் கையில் இருந்த அந்தக் குறிப்பேட்டில் இருந்தது. என் கண் அதிலேயே இருந்தது.

ஃபாதர் ஜெபத்தை முடித்துத் தீர்த்தக் கோலைக் கையில் எடுத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஃபாதர், தண்ணி வேண்டாம்! கிறிஸ்டல்ல ஒரு சொட்டு பட்டாலும் போச்சு."

"தண்ணி தெளிக்காம என்னட்டி மந்திரிப்பு?" என்றார் அப்பா.

"செவரு பக்கமா தெளிக்கேன் மக்களே, பயப்படாத" என்றார் ஃபாதர். ஆனால் மூக்குக் கண்ணாடிக்கு மேலே லேசர் கண்ணாடியும் மாட்டியிருந்த அவருக்கு எது சுவர், எது மேசை என்று தெரியவில்லை. நேராக என் மேசையைப் பார்த்து நின்று, அதைச் சுவர் என்று நம்பிக் கையை ஓங்கினார்.

அந்த முதல் கிறிஸ்டல் ஈரத்துக்கு ஆகாதது. ராத்திரியெல்லாம் மேலே டப்பா கவிழ்த்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு இருந்த இடத்திலேயே தூங்குகிற செல்லப் பிள்ளை. கையை நீட்டுமுன் லேசரின் ஷட்டரை மூடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை (ஆறு வருட அனுபவம்!), பாய்ந்துபோய்க் கிறிஸ்டலைத் தாங்கியோடு பிடுங்கி என் துப்பட்டாவுக்குள் மூடிக்கொண்டேன். அதே நொடியில் தீர்த்தம் வந்து விழுந்தது. நாலு சொட்டு மேசையிலிருந்த மற்றக் கண்ணாடிகள் மேல், இரண்டு சொட்டு என் நெற்றியில். கிறிஸ்டல் தப்பித்தது. நான் மூச்சு விட்டேன்.

"ஏறிட்டு!" என்று அப்பா கத்தினார்.

எல்லோரும் திரையைப் பார்த்தோம். பன்னிரண்டு.

"ஃபாதர் தெளிச்ச உடனே ஏறிட்டு! பதினொண்ணு பன்னெண்டாயிட்டு!"

வராந்தாவில் பலத்த கைதட்டல். யாரோ "மரியே வாழ்க" என்றார்கள். ஃபாதர் கூச்சப்பட்டு, "நான் ஒண்ணும் செய்யல மக்களே" என்றார். அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட உண்மைகளில் அதுவும் ஒன்று. பேராசிரியை மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"லீமா, உங்க கையில என்ன?"

"கிறிஸ்டல், மேடம்."

"எந்த கிறிஸ்டல்?"

"மொத கிறிஸ்டல். அதுலதான் அந்த ஒளி..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டேன்.

"அது உங்க கையில இருக்கு. அப்ப அங்க பன்னெண்டு எப்படி வருது?"

வாழ்க்கையில் சில கேள்விகளுக்கு விடை தெரியாமல் விழிப்போம். இது விடை தெரிந்து விழித்த கேள்வி. ஒளியை உண்டாக்குகிற பொருள் என் துப்பட்டாவுக்குள் இருக்கிறது. அது உண்டாக்கியதாக நான் ஊருக்கெல்லாம் சொன்ன ஒளி அங்கே ஜோராக வந்துகொண்டிருக்கிறது. வழிந்து வந்த பழைய பச்சையைத்தான் இத்தனை நாளும் என் குழந்தை என்று கொஞ்சியிருக்கிறேன். ஏறியதற்கும் காரணம் புரிந்தது. மங்கிப்போன கிறிஸ்டல் இதுவரை அந்தப் பச்சையில் ஒரு பகுதியைச் சிதறடித்துத் தடுத்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடுங்கியதும் வழி திறந்துவிட்டது. என் கண்டுபிடிப்புக்கு இருந்த ஒரே இடைஞ்சல் என் கிறிஸ்டல்தான்.

தாணு சார் இருமினார். "எத்தன ஃபில்டர் இருக்கு?"

"ஒண்ணு, சார்."

"மிச்சம் ரெண்டு?"

"டிராயர்ல இருக்கு சார்."

"நல்லது. டிராயருக்குள்ள ஒரு பச்சையும் போகாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாத்துட்டேன்னு சொன்னியேம்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'அம்மா'வைத் தாங்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த அப்பா, "பிள்ளைக்கு ஆனந்தக் கண்ணீரு" என்று வராந்தாவுக்கு அறிவித்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. உள்ளே நான் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்க, வெளியே விழா நடந்தது. அப்பா பேராசிரியைக்குப் பொன்னாடை போர்த்தினார். பேரவைச் செயலாளர் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் எண்ணிக்கை' பற்றி ஐந்து நிமிடம் பேசினார். முந்திரிக்கொத்து எல்லோருக்கும் இரண்டிரண்டு. பேராசிரியை பொன்னாடையோடு உட்கார்ந்து, முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினார். அவர் ஒவ்வொரு கடி கடிக்கும்போதும் என் ஆறு வருடம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பொய்யான எண்ணை நீங்க வேணும்னு காட்டலை. ஆனா உண்மையான எண்ணைத் தேடவும் இல்லை. அது ரெண்டாவது வகைத் தப்பு, அதுதான் எனக்குப் பிடிக்காதது."

பொன்னாடையை மடித்து வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இந்த அறையில ஒழுங்கா ஒரு சரிபார்ப்பு நடந்திருக்கு. அதைச் செய்ய வெச்சது உங்க ஃபாதர். அதுக்காக ஆறு மாசம் எழுதுறேன். மூணு ஃபில்டரையும் போடுங்க. எண்ணை நம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கிறிஸ்டலை எடுத்துட்டுப் பாருங்க. திரும்ப நேராக்க ரெண்டு வாரம் ஆனாலும் சரி."

வேனில் வீடு திரும்பும்போது அப்பா முன் சீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். நான் பின்னால் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"ஏட்டி, அப்போ அந்த கிறிஸ்டலு அதுவரைக்கும் அங்கன என்ன செஞ்சிட்டிருந்துது?"

ஆறு வருடத்தில் நான் கேட்காத கேள்வி. அன்று எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை.

அப்பாவிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. கேட்டு முடித்ததும் ஒன்றுதான் கேட்டார். "அப்போ பதினொண்ணு இல்லியா?"

"இல்லப்பா. சரியாச் செஞ்சா மூணுக்கிட்ட வரும்."

ஃப்ளெக்ஸை இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். கிழித்துப் போட்டாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். அவர் எண்ணின் மேல் ஒரு தாளை ஒட்டினார். அதன் பிறகு ஒன்றரை மாதம் எங்கள் பேருந்து நிறுத்தத்தில் இப்படி இருந்தது: 'உலகம் சொன்னது மூன்று! முட்டம் சொல்கிறது கிட்டத்தட்ட மூன்று!'

கிறிஸ்டலை மறுபடி மெருகேற்றினோம். நான் திரும்பத் திரும்ப அதை எடுத்தேன், வைத்தேன், நேராக்கினேன், அழுதேன். ஐந்தாம் மாதம் எண் இரண்டே முக்காலில் நின்றது. கிறிஸ்டலை எடுத்தால் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து வந்த நிம்மதி பதினொன்றைப் பார்த்தபோது வரவில்லை. பட்டம் கிடைத்தது. "பதினொண்ணுலயிருந்து ரெண்டே முக்காலுக்கு எறங்குனதுக்கா டாக்டர் பட்டம்?" என்று அப்பா நம்பாமல் கேட்டார்.

இப்போது நான் வேறு ஊரில் பாடம் நடத்துகிறேன். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், வீட்டில் ஆள் சேர்ந்துவிட்டால் அப்பா இந்தக் கதையை எடுத்துவிடுவார். ஃபில்டர், டிராயர், என் தப்பு எல்லாம் அவர் கதையில் கிடையாது. நேராகத் தீர்த்தத்துக்கு வந்துவிடுவார். பிறகு எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிடுவார்.

"மக்கா, கர்த்தர் மேல ஆணையா சொல்லு. ஃபாதர் தெளிச்ச உடனே நம்பர் ஏறிச்சா, இல்லியா?"

நான் மங்கின கிறிஸ்டலைப் பற்றி, சிதறிய பச்சையைப் பற்றித் தொடங்குவேன்.

"அதெல்லாம் பொறவு. ஏறிச்சா, இல்லியா?"

ஏறியது உண்மை. இல்லாத எண்ணைச் சொல்லமாட்டேன் என்று அந்த ஆறு மாதத்தில் எனக்கு நானே சத்தியம் செய்திருக்கிறேன். "ஏறிச்சு" என்பேன்.

உடனே அப்பா சபையைப் பார்த்துத் திரும்புவார். "கேட்டியளா? சும்மா ஆளு இல்ல, இதுக்குண்ணே படிச்சு டாக்டர் பட்டம் வாங்குனவ சொல்லுதா."